பள்ளி மூடிய காலத்தில் பிள்ளைகளின் மனம்

ஆஷாட முழுமதியில் தொடங்கி மூன்று திங்கள் வஸ்ஸாவாச காலம். மும்பையில் நம்மவர் இல்லங்களில் இக்காலத்தில் மாலைதோறும் 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலைப் படிப்பதும் கேட்பதும் வழக்கம். படிப்புத் தொடங்குமுன் வஸ்ஸாவாசத்தின் பொருளைச் சில சொற்களில் விளக்கும்படி என்னை அழைப்பார்கள். நானும் ஆண்டுதோறும் ஒன்றையே சொல்லி வந்தேன். மழைக்காலத்தில் பிக்குகள் ஊர் ஊராகச் சென்றால் முளைத்த பயிர் மிதிபடுகிறது, சிற்றுயிர்கள் மாய்கின்றன என்று மக்கள் முறையிட்டனர். ஆகவே பகவன் மூன்று திங்கள் ஓரிடத்தில் தங்குமாறு விதித்தார் என்பதே அது. இவ்வளவு சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

அப்படி நிறுத்திக்கொண்டது குறையுடைய பாடம் என்பதை மிகப் பிந்தியே அறிந்தேன். விநய பிடகத்தின் மகாவக்கத்தில், ஓரிடத்தில் அடைந்து கிடப்போரின் மனம் என்னவாகும் என்பதைப்பற்றியும் பகவன் வகுத்த விதிகள் உள்ளன. அவற்றை நான் படித்திருந்தேன். ஆயினும் கண்ணால் படித்தேனேயன்றிக் கருத்தால் படிக்கவில்லை. நம் பிள்ளைகள் பள்ளியின்றி அடைந்து கிடந்த நாட்களே எனக்கு அவற்றைப் படிப்பித்தன. கோடை விடுமுறையிலும், தீபாவளி விடுமுறையிலும், பெருமழை பெய்து பள்ளி மூடும் நாட்களிலும் அதே நிலைமை சிறிய அளவில் ஒவ்வோராண்டும் நம் வீடுகளில் நிகழ்வதால், இவ்விதழில் அதனையே பாடமாக எடுத்துக்கொள்கிறேன்.

நடந்ததை முதலில் நினைவுக்குக் கொண்டுவருவோம். 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களின் நடுவில் மும்பைப் பள்ளிகள் மூடப்பட்டன. அத்திங்கள் 25-ஆம் நாள் முதல் நாடெங்கும் ஊரடங்கு. ஏப்ரல் 1-ஆம் நாள் தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். பிறகு நம் நகரத்தில் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் பள்ளியில் கால் வைத்தது 2021 அக்டோபர் 4-ஆம் நாள். சின்ன வகுப்புகள் டிசம்பர் 15-இல்தான் திறந்தன. சனவரித் தொடக்கத்தில் மீண்டும் மூடி, 24-ஆம் நாள் மீண்டும் திறந்தன. கணக்குப் பார்த்தால் ஒன்றரை ஆண்டுக்கு மேலாயிற்று. முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை, பள்ளிக்கூடத்தின் உட்புறத்தைப் பாராமலே இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டது.

கைப்பேசி வழியாகப் பாடம் நடந்ததே என்பர். யாருக்கு நடந்தது? 2021 ஆகஸ்டுத் திங்களில் 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலுமாக ஏறத்தாழ 1,400 எளிய வீட்டுப் பிள்ளைகளைக் கண்டு எடுத்த ஓர் ஆய்வில், அவ்வழியே தவறாது படித்தவர்கள் நகரத்தில் நூற்றுக்கு 24 பேர், நாட்டுப்புறத்தில் 8 பேர். நாட்டுப்புறத்தில் 37 பேர் அறவே படிக்கவில்லை. என் தங்கை வீட்டில் ஒரு கைப்பேசி, மூன்று பிள்ளைகள். அக்கைப்பேசியும் தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை கேட்டு அலைந்த மைத்துனரின் சட்டைப்பையில் இருந்தது.

ஆயினும் நான் இங்கே பேச வந்தது தவறிப்போன பாடத்தைப்பற்றியன்று. தவறிய பாடத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம். எட்டாம் வகுப்போடு நின்ற நான் முப்பது வயதுக்குமேல்தான் நூல் படிக்கத் தொடங்கினேன். பள்ளிக்கூடம் பாடம் மட்டுமா கொடுக்கிறது? காலையில் எழுவதற்கு ஒரு காரணம் கொடுக்கிறது. நடுப்பகலில் உணவு கொடுக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையிலிருந்து வெளியேறி நடக்க ஒரு பாதை கொடுக்கிறது. தாயும் தந்தையுமல்லாத ஒரு பெரியவரின் பார்வையைக் கொடுக்கிறது. வீட்டில் அடி விழுந்த பிள்ளையின் முகத்தை முதலில் கண்டுகொள்பவர் பல வேளைகளில் ஆசிரியரே. எல்லாவற்றுக்கும் மேலாகத் தோழரைக் கொடுக்கிறது. பதினைந்து வயதில் தாயிடம் சொல்ல முடியாததைத் தோழனிடம் சொல்லலாம். இவை அத்தனையும் ஒரே நாளில் நின்றுபோயின.

இது எத்தகைய நிறுத்தம் என்பதை நான் முன்பே ஒருமுறை கண்டவன். 1982 சனவரி 18-ஆம் நாள் பம்பாயின் நூற்பாலைகளில் பெரிய வேலைநிறுத்தம் தொடங்கிற்று. ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர் வெளியே வந்தனர். என் தந்தை அவர்களுள் ஒருவர். எனக்கு அப்போது வயது பதின்மூன்று. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். ஆலைச் சங்கை இந்நகரில் போங்கா என்பார்கள். அந்தப் போங்கா ஊதினால்தான் எங்கள் சாலில் அடுப்பு எரியும், ஊதினால்தான் தந்தை எழுவார், ஊதினால்தான் நான் பள்ளிக்குப் புறப்படுவேன். அது நின்றது. தந்தை சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். வீட்டில் ஒருவரும் ஒருவரோடு பேசவில்லை. சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. அடுத்த ஆண்டு என்னைத் தோல் பதனிடும் இடத்தில் வேலைக்கு விட்டார்கள். ஏன் பள்ளியை விட்டாய் என்று கேட்டவர் பலர். அது உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டவர் ஒருவருமில்லை. பிறகு நானும் பதிலித் தொழிலாளியாக ஒரு நூற்பாலையில் நுழைந்து, அதுவும் மூடும்வரை நூற்புக் கட்டில் வேலை செய்தேன். இதனை இரக்கத்திற்காக எழுதவில்லை. இத்தனையும் பட்டவன், தன் தங்கை மகனுக்கு அதே நிலை வந்தபோது கண்டுகொள்ளவில்லை என்பதைச் சொல்வதற்காகவே எழுதுகிறேன்.

2020-21 கல்வியாண்டில் அவன் பத்தாம் வகுப்பு. கெட்டிக்காரன். ஊரடங்கின் முதல் திங்களில் பிற பையன்களைப்போல அவனும் மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். மழைக்காலம் முடியும்போது பேச்சுக் குறைந்துவிட்டது. பகலில் உறங்கினான், இரவில் விழித்திருந்தான். அழைத்தால் வருவான், சொன்னதைச் செய்வான், எதற்கும் எதிர்த்துப் பேசமாட்டான். "அண்ணா, இப்போது இவன் எவ்வளவு அமைதியாகிவிட்டான் பாருங்கள்" என்று தங்கை என்னிடம் பெருமையாகவே சொன்னாள். நானும் மகிழ்ந்தேன். தாய்மாமன் என்ற உரிமையில் அவனை எதிரில் உட்காரவைத்து ஆனாபானசதி கற்பித்தேன். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னேன். அவன் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தான். ஞாயிறு வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்கு அவனையே எடுத்துக்காட்டாகக் கூறினேன். இவ்வரியை எழுதும்போது என் கை கூசுகிறது.

2021 ஏப்ரலில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை மராட்டிய அரசு இரத்துச் செய்தது. நோய்த் தீவிரத்தை எண்ணினால் அம்முடிவைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அப்பையனுக்கு எஞ்சியிருந்த ஒரே கொழுகொம்பு அத்தேர்வுதான் என்பது எங்களுக்குத் தெரியாது. சில நாள் கழித்து ஓரிரவு, தட்டில் வைத்த சோற்றைத் தள்ளிவிட்டுத் தாயிடம், "நான் ஒருவன் இல்லாவிட்டால் உங்களுக்கு ஒரு வேளைச் செலவு மிச்சம்" என்றான். தங்கை அழுதுகொண்டே என்னிடம் ஓடிவந்தாள். வைராக்கியம் வந்துவிட்டது போலும் என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் என் வாயை அடைத்து, "பிரசங்கம் வேண்டாம் அண்ணா, மருத்துவமனைக்கு வாருங்கள்" என்றாள். படிக்காத அவளுக்கு இருந்த தெளிவு எனக்கு இல்லை.

மாநகராட்சி மருத்துவமனையில் மனநல மருத்துவர் ஓர் இளம் பெண். அவர் எங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பையனிடம் முக்கால் மணி நேரம் பேசினார். பேசினார் என்பதைவிடக் கேட்டார் என்பதே பொருந்தும். பிறகு எங்களை அழைத்து, இது மனச்சோர்வு என்னும் நோய், குணமாகக்கூடியது, சில திங்கள் மருந்து உண்ணவேண்டும் என்றார். கண்ணை மூடித் தனியே உட்கார்வதை இப்போதைக்கு நிறுத்துங்கள்; மனம் தன்னையே கடித்துக்கொண்டிருக்கும் வேளையில் அதனோடு தனியே விடுவது நல்லதன்று; நடக்கவிடுங்கள், ஒரே நேரத்தில் எழுப்புங்கள், தோழர் ஒருவரையாவது பார்க்கவிடுங்கள் என்றார். திரும்பும் வழியில் பையன் என்னிடம், "மாமா, நீங்கள் வந்த நாளெல்லாம் பாடம் சொன்னீர்கள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை" என்றான்.

நூற்பாலையில் வேலை செய்த அன்பர்கள் அறிவர்: இழை அறுந்தால் ஓசை கேட்காது. கதிர் முன்போலவே சுழன்றுகொண்டிருக்கும். தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கு வேலை நடப்பதாகவே தோன்றும். அதனால்தான் கட்டுக்காரன் ஓரிடத்தில் நில்லாமல் நடந்துகொண்டே, ஒவ்வொரு கதிரையும் குனிந்து பார்த்து, அறுந்ததைப் பிணைத்துக்கொண்டு போகவேண்டும். இருபதாண்டு அவ்வேலை செய்த கண்ணுக்கு வீட்டில் அறுந்த இழை புலப்படவில்லை.

அதற்குப் பிறகே மகாவக்கத்தை மறுபடி எடுத்தேன்.

வஸ்ஸாவாசத்தில் தங்கிய பிக்கு இடம்விட்டுப் பெயரலாகாது என்பது விதி. ஆனால் ஏழு நாள் வரை வெளியே சென்று வரப் பகவன் சில காரணங்களுக்கு இசைவளித்தார். அவற்றுள் ஒன்று, வேறிடத்தில் உள்ள பிக்கு நோயுற்றால் பணிவிடை செய்யச் செல்லலாம் என்பது. இது யாவரும் எதிர்பார்ப்பதே. அதன் அருகிலேயே இன்னொன்று உள்ளது: வேறிடத்தில் உள்ள பிக்குவுக்கு மனத்தில் பிடிப்பின்மை தோன்றினால், அல்லது செய்ததைப்பற்றிய மனவாட்டம் தோன்றினால், அதனைத் தணிக்கச் செல்லலாம். உடல்நோய்க்கு எவ்வளவு முக்கியத்துவமோ, மனம் தளர்வதற்கும் அவ்வளவே. பிக்கு, பிக்குணிகளோடு சிறுவரான சாமணேரர்களுக்கும் இது உண்டு. இன்னும் கவனிக்கத்தக்கது, அழைத்தனுப்பினால்தான் செல்லவேண்டுமென்பதில்லை. அழையாமலும் செல்லலாம் என்று தெளிவாக உரைக்கப்பட்டிருக்கிறது. மனம் தளர்ந்தவன் ஆள் அனுப்பமாட்டான் என்பதைப் பகவன் அறிந்திருந்தார்.

அடுத்த கதை இன்னும் நேராக நம் வீட்டுக்குள் வருகிறது. கோசல நாட்டில் சில பிக்குகள் ஒரு மழைக்காலம் சேர்ந்து தங்கினர். சச்சரவு வராமலிருக்க அவர்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டனர். ஒருவரோடொருவர் பேசுவதேயில்லை. பிச்சையேற்று முதலில் திரும்பியவர் இருக்கையும் நீரும் எடுத்து வைப்பார்; கடைசியில் வந்தவர் இடத்தைத் துப்புரவு செய்வார்; நீர்க்குடம் கனமாயிருந்தால் கையசைத்து இன்னொருவரை அழைப்பார். மூன்று திங்கள் ஒரு சொல் இல்லை. காலம் முடிந்ததும் சாவத்தியில் ஜேதவனத்துக்கு வந்து, நாங்கள் இணக்கமாகவும் சுகமாகவும் இருந்தோம் என்று பகவனிடம் மகிழ்வோடு தெரிவித்தனர்.

பகவன் புகழவில்லை, கடிந்துகொண்டார். இவர்கள் சுகமின்றி இருந்துவிட்டுச் சுகமாக இருந்தோம் என்கிறார்கள். விலங்குகள்போல, ஆட்டுமந்தைபோல, பகைவர்கள்போல வாழ்ந்திருக்கிறார்கள் என்றார். ஊமை விரதத்தை அவர் விலக்கினார். அன்றுதான் பவாரணை என்னும் விதியை ஏற்படுத்தினார். மழைக்காலம் முடியும் நாளில் சங்கம் கூடவேண்டும். ஒவ்வொருவரும், என்னிடம் நீங்கள் கண்ட குறை, கேட்ட குறை, ஐயுற்ற குறை எதுவாயினும் இரக்கம் கொண்டு எனக்குச் சொல்லுங்கள் என்று மற்றவர்களை வேண்டவேண்டும். இதனை முதலில் வேண்டுபவர் இளையவர் அல்லர். யாவரினும் மூத்த தேரர்.

அன்பர்களே, என் தங்கை மகன் பேசாதிருந்ததை நான் அமைதி என்று கொண்டேன். பகவன் அதனை அமைதி என்று கொள்ளவில்லை. நாம் செய்யவேண்டியது என்ன என்று கேட்பீர்கள். நான் மருத்துவனல்லன், ஆயினும் பட்டதையும் கேட்டறிந்ததையும் சொல்கிறேன்.

முதலாவது, பகவன் ஆளவியில் செய்ததை நினையுங்கள். ஓர் ஏழை உழவனுக்குத் தம்மம் உரைக்கும்பொருட்டே அவர் நெடுந்தூரம் நடந்து அவ்வூருக்குச் சென்றார். அன்று பார்த்து அவனுடைய எருது காணாமற் போயிற்று. அவன் அதைத் தேடிப் பிடித்துக் கட்டிவிட்டுப் பசியோடு பிந்தி வந்து சேரும்வரை பகவன் வாய் திறவாமல் காத்திருந்தார். வந்ததும் முதலில் அவனுக்குச் சோறிடச் சொன்னார். அவன் உண்டு களைப்பு நீங்கிய பின்னரே உபதேசம். பிள்ளையின் உணவும் உறக்கமும் ஒழுங்குக்கு வராதவரை நம் அறிவுரை அதன் காதில் ஏறாது. விடுமுறையாயினும் எழும் நேரம் ஒன்று இருக்கட்டும். வெயில் முகத்தில் படும்படி காலையில் அரைமணி நேரம் நடக்கட்டும். கைப்பேசி இரவில் பிள்ளையின் தலைமாட்டில் இல்லாமல் அடுப்பங்கரையில் உறங்கட்டும். பெரியவர் கைப்பேசியும் அங்கேயே இருந்தால்தான் இது நடக்கும். எங்கள் வீட்டில் சட்டம் போட்டவன் நானே முதலில் மீறிப் பிடிபட்டேன். பிறகு பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள், தண்டனையாகவன்றி வீட்டுக்குத் தேவையான வேலையாக. நான் ஒருவன் இல்லாவிட்டால் செலவு மிச்சம் என்று எண்ணும் பிள்ளை, நான் இல்லாவிட்டால் இந்தக் காரியம் நின்றுபோகும் என்று உணர்வது நல்லது.

தியானத்தைப்பற்றியும் சொல்லவேண்டும், பலர் என்னிடம் கேட்கிறார்கள். தியானம் கெட்டதென்று நான் கூறவில்லை. ஆனாபானசதி சுத்தத்தைப் பகவன் உரைத்த சூழ்நிலையைப் பாருங்கள்: மழைக்காலம் முடிந்து சங்கம் முழுதும் கூடியிருக்கிறது, மூத்த தேரர் ஒவ்வொருவரும் பத்து, இருபது, முப்பது, நாற்பது புதிய பிக்குகளை அருகிருந்து பயிற்றிக்கொண்டிருக்கிறார்கள். அத்தகைய துணை நடுவே சொல்லப்பட்ட பாடத்தை, துணையற்றுத் தவிக்கும் ஒரு சிறுவனுக்கு மருந்தாகக் கொடுத்துவிட்டு நான் வீட்டுக்குப் போய் உறங்கினேன். சோர்வு நோய் என்று ஐயம் தோன்றினால் முதலில் மருத்துவர், பிறகே போதகர்.

எப்போது ஐயுறுவது? உறக்கம் தலைகீழாகி, உணவில் விருப்பம் போய், முன்பு ஆடிய விளையாட்டையும் தேடிய தோழரையும் விட்டு, இரண்டு வாரத்துக்குமேல் ஒரு பிள்ளை இருக்குமானால் ஐயுறுங்கள். சில பிள்ளைகள் சோர்வதற்குப் பதில் எரிந்து விழும். சில பிள்ளைகளுக்குக் காரணமில்லாத வயிற்றுவலி, தலைவலி. நான் உங்களுக்குச் சுமை என்று சொன்னாலோ, அருமையாக வைத்திருந்த பொருள்களை எடுத்துப் பிறருக்குக் கொடுத்தாலோ ஒரு நாளும் காத்திராதீர்கள். சாகவேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரே கேட்கலாம். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாய்ப் பிறக்காது, கேட்டபின் பிள்ளைக்குப் பாரம் குறையும் என்பதே மனநல மருத்துவர்களின் கருத்து. காவலர் வருவர் என்று அஞ்சி மறைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிர்விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ளவேண்டும், தண்டிக்கலாகாது என்கிறது. அந்த அச்சம் வேண்டாம். 2022 அக்டோபர் 10 முதல் டெலி மானஸ் என்னும் அரசுத் தொலைபேசி உதவி நடைபெறுகிறது. எண் 14416, இரவும் பகலும், கட்டணமின்றி, தமிழிலும் பேசலாம். சிறுவர்களுக்கு 1098. இவ்விரண்டு எண்களையும் நம் மன்றத்தின் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம்.

2022-இல் நாடு முழுவதும் ஆறு முதல் பன்னிரண்டு வகுப்பு வரையுள்ள 3,79,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் தேசியக் கல்வி ஆராய்ச்சி மன்றம் எடுத்த கணக்கில், தங்கள் கவலைக்குக் காரணம் படிப்பும் தேர்வும் முடிவுகளுமே என்றவர்கள் நூற்றுக்கு 81 பேர். கேள்வி கேட்கத் தயங்குகிறோம் என்றவர்கள் 28 பேர். ஆசிரியரிடம் கேள்வி கேட்கத் தயங்கும் பிள்ளை, மாமனிடம் குறை சொல்லவா துணியும்? ஆகவேதான் மூத்தவர் முதலில் வேண்டவேண்டும் என்ற விதியை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

என் தங்கை மகன் ஒன்பது திங்கள் மருந்து உண்டான். இப்போது குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் தொழில் கற்று வேலைக்குப் போகிறான். சில நாள் சோர்வு தலைகாட்டும், அப்போது அவனே சொல்லிவிடுகிறான். அவன் குணமான ஆண்டு முதல் ஒவ்வோர் அசுவின முழுமதி இரவும் தங்கை வீட்டில் நாங்கள் பவாரணை நடத்துகிறோம். பிக்குகளின் விதியை இல்லறத்தார் எடுத்துக்கொள்வது தகுமா என்று ஓர் அன்பர் வினவினார். விதியை எடுக்கவில்லை, அதன் பயனை எடுத்துக்கொள்கிறோம் என்று விடை கூறினேன். சோறு உண்டபின் யாவரும் தரையில் வட்டமாக உட்கார்கிறோம். வயதில் மூத்தவனாகிய நான் கைகூப்பி, கண்டதோ, கேட்டதோ, ஐயுற்றதோ எதுவாயினும் சொல்லுங்கள் என்று முதலில் வேண்டுகிறேன். முதல் ஆண்டு ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் ஆண்டு மைத்துனர் ஒன்று சொன்னார்.

சென்ற ஆண்டு தங்கையின் கடைசி மகள், பதினொரு வயதுச் சிறுமி, "மாமா, நான் எதையாவது சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் உடனே ஒரு கதை சொல்ல ஆரம்பித்துவிடுகிறீர்கள்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அதற்கும் எனக்கு ஒரு கதை நினைவுக்கு வந்தது, வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "சரி அம்மா, நீ சொல்ல வந்தது என்ன?" என்று கேட்டேன். பள்ளியில் தன்னருகில் உட்காரும் பெண்ணைப்பற்றிச் சொல்லத் தொடங்கினாள். இரவு பத்து மணி வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.